மழையில்லா வாரத்தில் சருகைக் கொளுத்தாதீர்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்குவார்கள். கறிவேப்பிலை இலையைக் கொட்டுகிறது, வெற்றிலைக் கொடி சுருண்டுவிட்டது, காலையும் மாலையும் ஊற்றியும் மிளகாய்ச் செடி தலை தொங்கி நிற்கிறது, கொஞ்சம் உரம் போட்டுப் பார்க்கலாமா? வேண்டாம். மழை நின்ற வாரத்தில் செடிக்கு உரமும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வேளைத் தண்ணீரும் வேண்டாம். அப்போது மண்ணுக்குத் தேவை ஒரு போர்வை. அது உங்கள் வாசலிலேயே உதிர்ந்து கிடக்கிறது. அதைத்தான் பலரும் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள்.

முதலில் வானத்தைப் புரிந்துகொள்வோம். மே மாதக் கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை வீசும். தமிழ்நாட்டின் மலையோரங்களுக்கும் கேரளத்துக்கும் மழை கொண்டுவரும் அதே காற்றுதான். ஆனால் நமக்கு மேற்கே சுமத்ரா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ஈரத்தின் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிட, தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு வந்து சேர்வது காய்ந்த காற்று. பிலிப்பைன்ஸ் பக்கம் பெரிய சூறாவளி ஏதும் சுழன்றால், அது காற்றை இழுக்க இழுக்க இங்கே இன்னும் வறளும். நடுவில் ஒருநாள் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து இடியும் காற்றுமாக ஒரு மழை அடித்துவிட்டுப் போகும். மறுபடி நாலைந்து நாள் வெயில். அக்டோபரில் பருவம் மாறி, பிற்பகல் இடிமழை திரும்ப வரும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே செப்டம்பருக்கு அதன் முன்பாதியும், அக்டோபர் நவம்பருக்குப் பின்பாதியும் பொருந்தும்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊர் இது. ஆகவே இங்கே வறண்ட வாரம் என்பது பாலைவனம் அல்ல. தரையில் வேர்விட்ட முருங்கைக்கோ வேம்புக்கோ மாமரத்துக்கோ ஒரு வாரம் மழை இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது. தவிப்பதெல்லாம் சட்டியில் இருக்கும் செடிகள்தாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாதத்தில் யூடியூபைத் திறந்தால் இலையுதிர் காலத் தோட்டக் குறிப்புகள் வந்து குவிகின்றன. உறைபனி விழுவதற்குள் சட்டிகளை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், மிளகாயைப் பச்சையாகவே பறித்துவிடுங்கள் என்கிறார்கள். இங்கிலாந்திலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு அது சரியான அறிவுரை. ஊட்டியில் இருப்பவர்களுக்கும் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்க உறைபனி விழுவதால் பயன்படும். நமக்கு அல்ல. கேமரன் மலையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 பாகை செல்சியஸ்தான், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. இந்த நாட்டில் பனி உறைவதைப் பார்க்கக் கினபாலு மலையுச்சிக்குத்தான் போக வேண்டும், அங்கும் எப்போதாவதுதான். நம் செடிகளுக்கு வருகிற சோதனைகள் காய்ச்சலும் புகைமூட்டமும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

சட்டிச் செடிகளுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனிகளிலும் கிள்ளான் தாமான் வீடுகளின் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையிலும் பெரும்பாலும் கறுப்பு பாலி பேக்கும் பிளாஸ்டிக் சட்டியும்தான். மதியத்தில் அந்தக் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். உள்ளே ஓரமாக ஓடும் மெல்லிய வேர்கள் அந்தச் சூட்டில் கருகுகின்றன. தண்ணீரை உறிஞ்சுவதே அந்த வேர்கள்தான். எனவே எத்தனை குடம் ஊற்றினாலும் செடி வாடியே நிற்கும். சட்டிகளைத் தனித்தனியாகப் பரப்பி வைக்காமல் ஒன்றை ஒன்று ஒட்டி நெருக்கி வையுங்கள். வெளி வரிசையில் காலியான மண்சட்டியையோ ஒரு பழைய பலகையையோ வெயில் படும் பக்கம் நிறுத்துங்கள். சிமெண்டுத் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம் தூக்கி வையுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

அடுத்தது தண்ணீர். தென்னை நார்த்தூளும் பீட் மண்ணும் கலந்த கலவையைத்தான் நர்சரிகளில் விற்கிறார்கள். ஈரமாக இருக்கும்வரை அது நல்ல கலவை. ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. மண் சுருங்கிச் சட்டியின் விளிம்பை விட்டு விலகி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியே நேராக ஓட்டைக்கு ஓடிவிடும். அடியில் தண்ணீர் வருகிறது, நனைந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகப் போவீர்கள். உள்ளே வேர்க்கட்டு தூசியாகக் கிடக்கும். சட்டியைத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றிய பிறகும் பஞ்சாக எடையற்று இருந்தால் இதுதான் காரணம். ஒரு பேசினில் நாலு விரல்கடை தண்ணீர் பிடித்து, சட்டியை அரைமணி நேரம் அதில் உட்கார வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறி மேல்மண் கறுக்கும்போது எடுத்து, வடிய விட்டு, பழைய இடத்தில் வையுங்கள். பேசினில் மிச்சம் இருப்பது அடுத்த சட்டிக்கு.

எப்போது ஊற்றுவது? காலையில், வெயில் ஏறுவதற்கு முன். மாலையில் ஊற்றினால் ஆவியாகாமல் மிச்சம் பிடிக்கலாம் என்பது வறண்ட ஊர்களுக்குச் சரி. இங்கே மழையே இல்லாவிட்டாலும் இரவுக் காற்றில் ஈரம் அதிகம், நனைந்த இலை விடியும்வரை காயாது, பூஞ்சை பிடிக்கும். மாலைதான் நேரம் கிடைக்கிறது என்பவர்கள் இலையில் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள். நுனியில் ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். மதியம் இலை தொங்குவதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. கத்தரியும் பூசணியும் ஈரமான மண்ணில்கூட மதிய வெயிலுக்கு இலையைத் தொங்கவிடும், மாலையில் நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் தாகம். வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலியை இரவில் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்தால், விடியற்கால மழை வருவதாக இருந்தால் தெரிந்துவிடும்.

இனி சருகு. இந்த வாரம் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மாவிலை, பலாவிலை, வாழைச் சருகு, வெட்டிப் போட்ட புல் எதுவானாலும் சரி. பெரிய இலைகளைக் கையால் நொறுக்கிக்கொள்ளுங்கள். முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, அதன்மேல் இரண்டிலிருந்து மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த மண்மேல் சருகைப் போட்டால் பயனில்லை, காய்ச்சலைத்தான் மூடி வைப்பீர்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். பச்சைப் புல்லாக இருந்தால் ஒருநாள் காயவிட்டுப் போடுங்கள், குவியலாகப் போட்டால் சூடேறி வேரைச் சுடும். மரப்பலகைச் சுவருள்ள பழைய வீடுகளில் சுவரை ஒட்டிப் பரப்ப வேண்டாம், கரையான் வரும்.

மூன்றாம் நாள் சருகை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள். மேலே முறுகிப்போன இலை நொறுங்கும். அதன் அடியில் பாதி மட்கிய இலை மண்ணோடு ஒட்டி, கறுத்துக் குளிர்ந்து இருக்கும், ஒரு மண்புழுகூட நெளியும். பக்கத்திலேயே சருகில்லாத மண் வெளுத்து, மேல்பகுதி ஓடு போல் இறுகி இருக்கும். தினமும் ஊற்றிய தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாகக் குறைக்க இது போதும்.

பால்கனிக்காரர்களுக்குச் சருகு எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். தென்னை மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு இரவு ஊறவைத்து, சட்டியின் மேல் அடுக்குங்கள். ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பூக்கடைகளில் விற்காமல் வாடிய பூ தினமும் குப்பைக்குப் போகிறது. கேட்டால் கொடுப்பார்கள். நூல், கம்பி, ஜிகினாவை எல்லாம் உருவிவிட்டு, சாமந்தியையும் செவ்வந்தி இதழ்களையும் ஒருநாள் வெயிலில் உலர்த்தி மண்மேல் தூவலாம். வீட்டில் சாமிக்குச் சாத்தி எடுத்த மாலையும் அப்படியே. கால்படும் இடத்தில் எறிவதைவிட துளசி மாடத்து மண்ணில் மட்கவிடுவது மேல்.

செடிக்குச் செடி சில வார்த்தை. வறட்சியில் முதலில் விழுவது வெற்றிலை. அதற்கு நிழலும் காற்றில் ஈரமும் வேண்டும், வெயில் திரும்பும் திசையிலிருந்து சட்டியை நகர்த்திவிடுங்கள். கறிவேப்பிலை இலை கொட்டுவதைக் கண்டு பயந்து ஊற்றுபவர்கள்தாம் அதைக் கொல்கிறார்கள். அது காய்ச்சலைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வாழையில் மஞ்சளாகிப்போன கீழ்மட்டைகளை அறுத்து அதன் காலடியிலேயே போடுங்கள். துளசியில் பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் விதை கட்டுவதில் சக்தி போகாது. எலுமிச்சையும் காகிதப்பூவும் கொஞ்சம் வாடவிட்டுப் பிறகு நன்றாகத் தண்ணீர் கொடுத்தால் பூத்துத் தள்ளும். மாமரம் பூக்கவும் இந்தக் காய்ச்சல் தேவை. ஆகவே தரையில் நிற்கும் மாவுக்கு இரக்கப்பட்டு ஹோஸ் பிடிக்காதீர்கள்.

மழை அடிக்காததால் இலையின் அடிப்பக்கம் கழுவப்படுவதில்லை. மிளகாய், கத்தரி, ரோஜா இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஊசிமுனை அளவில் சிவப்பாக ஏதோ நகர்ந்து, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன். இலைமேல் மஞ்சள் புள்ளிகள் விழுவது அதனால்தான், சத்துக் குறைவால் அல்ல. காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி. போகவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்து வெயில் தணிந்த பிறகு அடியுங்கள். தாகத்தில் இருக்கும் செடிக்கும் உச்சி வெயிலிலும் எண்ணெய் அடித்தால் இலை கருகும். யூரியா, என்பிகே எல்லாம் மழை திரும்பியபின். காய்ந்த மண்ணில் உப்பு உரம் வேரிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். சட்டி மாற்றுவதும் கிளை கழிப்பதும்கூட அக்டோபருக்குக் காத்திருக்கலாம்.

குழாய்த் தண்ணீரை எவ்வளவு நம்பலாம்? சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் வாழ்பவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். 1998இல் தண்ணீர்ப் பங்கீடு, 2014 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மறுபடி பங்கீடு. வறட்சி அணையை மட்டும் காலி செய்வதில்லை. ஆற்றில் நீர் குறையும்போது அதே கழிவு அடர்த்தியாகிவிடுகிறது. 2014 தொடக்கத்தில் லங்காட் ஆற்றில் அம்மோனியா கூடிச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டி வந்தது அப்படித்தான். மழை இல்லாத வாரத்தில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுவதும் முற்றத்தைக் கழுவுவதும் நியாயமில்லை. செடிக்கு வேறு வழிகள் உண்டு. அரிசி களைந்த தண்ணீரை அன்றே ஊற்றுங்கள், மறுநாள் நாறும். ஏர்கோன் குழாயில் இரவெல்லாம் சொட்டுவதைப் பிடித்தால் காலையில் அரை வாளி இருக்கும், செடிக்குத் தாராளமாக ஊற்றலாம், மனிதர் குடிக்கக் கூடாது. காய்கறி கழுவியது ஆகும். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீரும் துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் கீரைக்கும் மிளகாய்க்கும் ஆகாது.

தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் மூடி வையுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். டெங்கியில் நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்படும் மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதன் முட்டை வறண்ட சட்டியின் விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே மழையில்லாத மாதம் கொசுவில்லாத மாதம் ஆகிவிடாது. சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள். தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். டிரம்மின் வாயைத் துணியால் மூடிக் கயிறு கட்டுங்கள், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டிரம்மில் அபேட் மருந்து போடுவதென்றால் பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம்.

புகைமூட்டம் வந்துவிட்டால் கணக்கு மாறும். வெயில் மங்குவதால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். பலர் புகை நாளில் செடி சோர்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் அதிகம் ஊற்றி வேரை அழுக வைக்கிறார்கள். அளவைக் குறையுங்கள், இலைமேல் படியும் சாம்பலைக் காலையில் மெல்லக் கழுவிவிடுங்கள், கீரை பறித்தால் மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள். காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் தோட்ட வேலையே வேண்டாம். 200ஐத் தாண்டினால் பள்ளிகளை மூடுவார்கள், 300க்கு மேல் அபாயம். 2018 ஆகஸ்டிலிருந்து மிக நுண்ணிய துகள்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் இந்த எண்ணை நம்பலாம். ஆஸ்துமா உள்ளவர்களும் பெரியவர்களும் 100ஐத் தொடுவதற்கு முன்பே உள்ளே இருப்பது நல்லது. கூரை வழியாகப் பிடிக்கும் முதல் மழைத் தண்ணீரில் கால்மணி நேரம் விழுவதைக் கீழே விட்டுவிடுங்கள், கரியும் தூசும் அதில்தான் வரும்.

புகை எல்லாம் சுமத்ராவிலிருந்து வருகிறது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி குறியீடு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது புகை கடல் தாண்டி வந்ததுதான். ஆனால் கிள்ளானுக்குத் தெற்கே ஜோகான் செத்தியாவில் எரிவது நம் மண். அங்கே இருப்பது கரிச்சதுப்பு நிலம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் தேங்கிய தாவரக் குவியல். விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததால் மேல்மட்டம் காய்ந்துவிட்டது. மழையில்லாத வாரத்தில் ஒருவர் புல்லைச் சுத்தம் செய்யக் கொளுத்தும் நெருப்பு தரைக்கு அடியில் இறங்கி, மேலே அணைந்ததுபோல் தெரிய, உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே போகும். தண்ணீர் பீய்ச்சினாலும் எளிதில் அணையாது. 2019 செப்டம்பரில் கிள்ளான் உட்படச் சிலாங்கூரில் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களில் ஜோகான் செத்தியாவின் குறியீடு நாட்டிலேயே மோசமானவற்றில் ஒன்றாக இருந்தது.

தாமானில் வீட்டுக்கு வீடு கொளுத்தும் சருகுக் குவியல் அந்த அளவுக்குப் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் காற்று அசையாத மாலையில் அந்தப் புகை மேலே போகாது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அறைக்குத்தான் போகும். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது, அபராதமும் சிறையும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், எரிக்கும் ஒவ்வொரு சாக்குச் சருகும் உங்கள் செடிகளுக்கு ஒரு வாரத் தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள். இடத்துக்கு மிஞ்சிய சருகு இருந்தால் வேலியோரம் ஒரு மூலையில் கூடை வைத்துக் குவியுங்கள், அடுப்படிக் காய்கறித் தோலையும் இடையிடையே போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் எரு.

காப்பார், பந்திங், ஜோகான் செத்தியாப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் உறவினர்கள் பலர். இந்த வாரம் அவர்களிடம் பேசும்போது, மழை திரும்பும்வரை தீப்பெட்டியை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தரையிலிருந்து புகை கசிவதைக் கண்டால், நெருப்புத் தெரியவில்லையே என்று விட்டுவிடாமல், உடனே 999ஐ அழைத்துப் பொம்பாவுக்குச் சொல்லுங்கள்.